ஒரு முழு நிமிடம்

அந்த வட்டாரத்தில் யார் பேசினாலும் அந்தப் பேச்சு மைக்காரர் கையைத் தாண்டித்தான் ஊர் காதுக்குப் போகும். முப்பத்தோரு வருடமாக அப்படித்தான். கட்சிக் கூட்டமோ, கண்டனக் கூட்டமோ, தெருமுனைப் பேச்சோ, எதுவானாலும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுவார். வயரை இழுத்து விட்டு, மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார். மைக்கில் அவர் பேசியது வாழ்நாளில் அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் இவனுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கு என்று டைம்கீப்பர் கிண்டல் செய்வார்.

அந்த டைம்கீப்பர் இறந்து இன்றோடு ஒன்பது நாள்.

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை அவருக்கு. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை, பழக்கமும் போகவில்லை. இடது கையில் சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய வாட்ச். காலையில் எழுந்ததும் கடவுளைக் கும்பிடுவதற்கு முன் அதற்குச் சாவி கொடுப்பார். அதைச் சொல்லி மைக்காரர் கோபித்துக்கொண்டால், "அவரு காத்திருப்பாரு தம்பி, வாட்ச் காத்திருக்காது" என்பார். கட்சியில் கிளைத் துணைச் செயலாளர். இருபத்திரண்டு வருடமாகத் துணைதான். அவர் கண் முன்னால் ஐந்து செயலாளர்கள் வந்து போனார்கள். "நான் ஸ்டெப்னி. வண்டி போற இடத்துக்கெல்லாம் போவேன், ரோட்டை மட்டும் தொட மாட்டேன்" என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அன்றைக்கும் காலையில் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மனைவி தேநீரோடு வந்து பார்த்தபோது வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது நாளும் மைக்காரருக்குக் கை கால் அசதி தீரவில்லை. படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடை வாசலில் வந்து நிற்கிற ஆள் இனி வரமாட்டார் என்று புத்திக்குத் தெரிகிறது. கண்தான் ஆறரைக்கு வாசலைப் பார்க்கிறது.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி, மேலே கொக்கியில் வளையம் வளையமாக வயர், மூலையில் வாய் நசுங்கிய குழாய் ஸ்பீக்கர்கள். அங்கேதான் நான்காம் நாள் அண்ணி வந்தார். டைம்கீப்பரின் மனைவியை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அழுகிற பழக்கம் இல்லை, சுற்றி வளைக்கிற பழக்கமும் இல்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். கடைக்குள் உட்கார வேறு இடமும் கிடையாது.

இரங்கல் கூட்டம் போடப்போகிறார்களாம், வட்டம் வந்து சொல்லிவிட்டுப் போனானாம், மாவட்டமே வருகிறாராம். அந்தக் கட்சியில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வட்டச் செயலாளர் வட்டம், மாவட்டச் செயலாளர் மாவட்டம்.

"நான் போறதா இல்ல தம்பி" என்றார் அண்ணி. "அவங்க பேசப்போறது எனக்கு இப்பவே தெரியும். ஆனா அவருக்கு ஒண்ணு வேணும்னு கேட்டிருந்தாரே, அது உங்களுக்குத்தான் தெரியும்."

"தெரியும் அண்ணி."

"அது முழுசா கிடைக்கணும். வேற ஒரு மண்ணும் வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். டைம்கீப்பரின் வாட்ச் அவர் கையில் வளையல் மாதிரி தொங்கியது. மைக்காரர் அதைக் கவனித்தார்.

டைம்கீப்பர் கேட்டது இதுதான். கட்சியில் யாராவது இறந்துபோனால் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு நாளும் ஒரு நிமிடமாக இருந்ததில்லை. மேடையில் பேசியே பழகினவருக்குப் பேசாமல் நிற்பது மூச்சை அடக்கி நிற்பது மாதிரி. இருபது செகண்டு போகும், இருபத்தைந்து போகும், அதற்கு மேல் தாங்காது. தொண்டையைக் கனைத்து, "நன்றி, அமருங்கள்" என்று விடுவார்கள். டைம்கீப்பர் ஓரத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் வாட்ச்சைப் பார்ப்பார். முடிந்ததும் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மைக்காரரைப் பார்த்து விரலைக் காட்டுவார். இரண்டு விரல், பிறகு நான்கு விரல். இருபத்து நான்கு. கட்சியை ஆரம்பித்தவர்களில் ஒருவர் இறந்தபோதுதான் அதிகம், முப்பத்தெட்டு. கொடிமரத்துக்குப் பெயின்ட் அடித்தே வாழ்க்கையைத் தேய்த்த ஒரு கிழவருக்குப் பதினொன்று. அன்று டைம்கீப்பர் விரலைக் காட்டவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில்தான் சொன்னார். "நாப்பது வருஷம் அந்த மனுஷன் கொடி கட்டியிருக்காரு. ஒரு நிமிஷம் நிக்க முடியல இவங்களுக்கு. ஒரு நிமிஷத்துல என்ன குடி முழுகிப் போகுது? நான் போனா எனக்கு முழுசா வேணும் தம்பி. நீ பாத்துக்க."

"நான் முந்திக்கிட்டா?" என்று மைக்காரர் கேட்டார்.

"உனக்கு நான் பாத்துக்கிறேன். ஒரு செகண்டு குறையாது."

"கொஞ்சம் கூடுதலா குடுங்களேன், பழகின பாவத்துக்கு."

"கூடவும் கூடாது. கூடினா பின்னாடி வண்டி நிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அதெல்லாம் நடக்கப்போகிற சங்கதி என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அண்ணி வந்து போன மறுநாளே மைக்காரர் வட்டத்தைப் போய்ப் பார்த்தார். வட்டம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது தாண்டாதவர், கெட்டவர் இல்லை. கட்சிக்குள் அவரைக் கூட்டி வந்து மேடையில் முதல் நாற்காலி போட்டவரே டைம்கீப்பர்தான். மெஷினிலிருந்து தாள்கள் விழுந்துகொண்டேயிருக்க, மைக்காரர் சொன்னதையெல்லாம் வட்டம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மாவட்டத்துக்கு அன்று மூன்று நிகழ்ச்சி, இது நடு நிகழ்ச்சி, வருவதே பெரிய விஷயம் என்றார்.

"அவரு கிட்ட போயி, ஐயா செகண்டு எண்ணி நில்லுங்கன்னு நான் சொல்ல முடியுமாண்ணே? என்னைப் பைத்தியம்னு நினைக்க மாட்டாரா?"

"சொல்லித்தான் பாரேன்."

"பாக்கிறேன்" என்றார் வட்டம். அந்தப் 'பாக்கிறேன்' எந்த வகையைச் சேர்ந்தது என்று மைக்காரருக்குத் தெரியும். அதை அவர் முப்பத்தோரு வருடமாக ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அவள் நிமிரவே இல்லை. "இந்தக் கட்சிக்கு இத்தனை வருஷமா மைக் போடுறீங்க. உங்களை ஒரு தடவை பேசுங்கன்னு சொல்லியிருக்காங்களா? இப்ப பேசாம இருக்கிறதுக்கு அனுமதி கேட்டு அலையிறீங்க" என்றாள். சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனால் தப்பாகச் சொல்லவில்லை என்றும் பட்டது. அவளே கொஞ்ச நேரம் கழித்து, முழங்காலுக்குத் தைலம் கொண்டு வந்து வைத்தாள்.

மனைவியிடமும் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. காலையில் கண்ணை மூடிக் கும்பிடும்போது ஆண்டவனிடம் மட்டும் சொல்வது. எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எட்டு வருடத்துக்கு முன்பு, இரங்கல் கூட்டம் நடக்கப்போகிற இதே மண்டபத்தில் பொதுக்குழு. ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம் என்றார்கள். டைம்கீப்பரும் ஏறினார். நேற்று வந்தவர்களுக்கு எப்படி இன்றைக்குப் பதவி கிடைக்கிறது, இத்தனை வருடம் வெயிலில் நின்றவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று நிதானமாகக் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த மாவட்டம் மைக்காரரைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஒரு தடவை அசைத்தார். அவ்வளவுதான்.

மைக்காரர் ஆம்ப்ளிஃபையரின் சத்தத் திருகைத் திருப்பிவிட்டார்.

டைம்கீப்பரின் வாய் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று தெரிந்ததும் மைக்கை ஒரு பார்வை பார்த்தார். வயர் முறுக்கிக்கொள்ளாமல் ஒழுங்காக அதை ஸ்டாண்டில் மாட்டினார். கீழே இறங்கித் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பக்கத்தில் வந்து, "நாலு நிமிஷம் இருபது ஆச்சு தம்பி. இன்னும் நாப்பது செகண்டு இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வண்டி தாமதமானதைச் சொல்வது மாதிரி சொன்னார். மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போலக் கடைக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

எத்தனையோ பேர் எத்தனையோ அபத்தம் பேசியிருக்கிறார்கள், மைக்காரர் ஒருவர் மைக்கையும் அணைத்ததில்லை. பேசுகிறவர்கள் தவறுதலாக அணைத்துவிடக்கூடாது என்று மைக் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுவார், அவ்வளவு கவனம். வாழ்நாளில் அணைத்தது ஒரே ஒரு மைக். அது டைம்கீப்பருடையது.

இரங்கல் கூட்டம் நான்கு மணிக்கு என்று போட்டிருந்தது. மைக்காரர் இரண்டரைக்கே வந்துவிட்டார். மண்டபம் இரண்டாவது மாடி, நாற்பத்து நான்கு படி. முன்பெல்லாம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுவார். இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, சுவரைப் பிடித்து நின்று, ஆண்டவனே என்று மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது. நான்கு நடை ஆயிற்று. ஆம்ப்ளிஃபையரைக் கடைசியாகத் தூக்கி வந்தார். பதினேழு வருடத்துச் சாமான். திருகு தேய்ந்துபோய் சில நேரம் திருப்பினாலும் சத்தம் உடனே வராது, கொஞ்சம் தட்டிக் கொடுக்க வேண்டும். இவரைப் போலத்தான் அதுவும்.

மண்டபத்தில் நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் ஒரு மேசை, மேசையில் டைம்கீப்பரின் படம், படத்துக்கு முன் கொஞ்சம் பூ. அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதில் அவர் சிரிக்கவில்லை, வண்டி வரவில்லையே என்று பார்க்கிற முகம். எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம், செகண்டு முள் துடித்துத் துடித்து ஓடிக்கொண்டிருந்தது. மைக்காரர் தன் மேசையை அந்தக் கடிகாரம் நேராகத் தெரிகிற இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதும் அவர் மனதில் திட்டம் என்று ஒன்றும் இல்லை. வட்டம் சொல்லியிருப்பார், மாவட்டமும் மனிதர்தானே, ஒரு நாள் நின்றுவிட்டால் நல்லதுதான் என்றுதான் நினைத்தார்.

நான்கு மணிக்குத் தொண்ணூறு பேர் இருந்தார்கள். நான்கரைக்கு நூற்றிருபது. போறதா இல்ல என்று சொன்ன அண்ணியும் வந்து முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார், மடியில் கை, கையில் அந்த வாட்ச். மாவட்டம் வரும்வரை உள்ளூர் ஆட்கள் பேசினார்கள். ஒருவர் பின் ஒருவராக அதே ஆலமரம் சாய்ந்தது, அதே தூண் சரிந்தது, அதே ஈடுசெய்ய முடியாத இழப்பு. போன மாதம் இறந்தவருக்கும் இதே மரம்தான் சாய்ந்தது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, வேறு சொல் தெரியாமல் சொன்னார்கள். ஒருவர் மட்டும், பேருந்து நிலையத்துப் பூட்டுக்கடைக்காரர், "எனக்குப் பேச வராது. அவரு விசிலடிச்சா நான் கடை திறப்பேன். இப்ப எப்ப திறக்கிறதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்து பத்துக்கு மாவட்டம் வந்தார். பத்துப் பேர் சூழப் படியேறி வந்து, படத்துக்குப் பூப் போட்டு, அண்ணியைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, நேராக மைக்குக்கு வந்தார். நேரமில்லாததால் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, இருபது நிமிடம் பேசினார். அதில் கட்சி இருந்தது, தேர்தல் இருந்தது, எதிர்க்கட்சி இருந்தது. கடைசியில் டைம்கீப்பர் வந்தார். "ஒரு ஓட்டுநராக, ஆயிரக்கணக்கான பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த கரங்கள் அவருடைய கரங்கள்" என்றார் மாவட்டம்.

டைம்கீப்பருக்கு சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. முதல் வரிசையில் அண்ணி மெல்லத் தலையைத் திருப்பினார். நூற்றிருபது பேரைத் தாண்டி மைக்காரரைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிற களைப்பு மட்டும் இருந்தது.

"மறைந்த நமது சகோதரருக்கு, அனைவரும் எழுந்து நின்று, ஒரு நிமிடம் மௌன அஞ்சலி" என்றார் மாவட்டம்.

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. மைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். முள் பன்னிரண்டைத் தொட்டு இறங்கியது. ஒன், டூ, த்ரீ. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். மூன்றுக்கு மேலும் போனார். பத்து. பன்னிரண்டு. கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. பதினைந்து. மாவட்டத்தின் கூடவே வந்த ஒருவர் அவர் காதருகே குனிந்து எதையோ சொன்னார். மாவட்டம் தலையாட்டினார். பதினேழு. கழுத்தை ஒரு தடவை சுழற்றினார். பத்தொன்பதில் அவர் தொண்டையைக் கனைக்கப்போவது மைக்காரருக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருடம் அந்தத் தொண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா.

கை தானாகப் போயிற்று. திருகைத் திருப்பிவிட்டார்.

"நன்றி, அமருங்கள்" என்றார் மாவட்டம்.

உதடு அசைந்தது, பெட்டியில் ஒன்றும் வரவில்லை. முதல் வரிசைக்கு மட்டும் லேசாகக் காதில் விழுந்தது. அவர்கள் உட்காரக் குனிந்தார்கள். பின்னால் இருந்த நூறு பேர் அசையவில்லை. அவர்கள் கட்சிக்காரர்கள். எழு என்றாலும் உட்கார் என்றாலும் ஸ்பீக்கரில் வந்தால்தான் அவர்களுக்கு அது உத்தரவு. நேரில் யார் வாயசைத்தாலும் அது சொந்தப் பேச்சு. தலையைக் குனிந்தபடியே நின்றார்கள்.

முதல் வரிசையில் அண்ணி நின்றுகொண்டே இருந்தார். இறந்தவரின் மனைவி நிற்கும்போது உட்கார யாருக்கு மனம் வரும்? பாதி குனிந்தவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். மேடையில் உட்காரப் போனவர்களும் எழுந்துகொண்டார்கள். மாவட்டம் மைக்கைப் பார்த்தார், அதன் சுவிட்சைத் தடவினார். சுவிட்சின் மேல் டேப். மௌனத்தில் மைக்கைத் தட்டினால் நன்றாயிருக்காது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இருபத்தொன்பது. முப்பது.

வட்டம் சுவரோரமாக மைக்காரரை நோக்கி வந்தார். ஓடவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி நுனிக்காலில் அடி மேல் அடி வைத்து வந்தார். வந்து சேரும்போது முப்பத்தெட்டு. மேசை மேல் குனிந்து, மூச்சோடு மூச்சாக, "அண்ணே, மைக் போயிடுச்சு" என்றார்.

மைக்காரர் பதில் சொல்லவில்லை. பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. வட்டம் அந்த உதட்டைப் பார்த்தார். திருகின் மேல் இருந்த கையைப் பார்த்தார். திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. மேடையிலிருந்து மாவட்டம் இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது. ஒரு நொடி வட்டத்தின் கை ஆம்ப்ளிஃபையர் பக்கம் நீண்டது.

நீண்ட கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. வட்டம் படத்தின் பக்கம் திரும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பத்தைந்து. ஐம்பது. இவ்வளவு நீளமானதா ஒரு நிமிடம் என்று மைக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. இதற்குள் ஒரு ஆள் என்னவெல்லாம் சொல்லிவிடலாம். அந்த நாற்பது செகண்டில் டைம்கீப்பர் என்ன சொல்ல நினைத்திருந்தார் என்று இத்தனை வருடமாக ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே. ஐம்பத்தைந்து. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்தில் இன்னொருவர். முதல் இருபது செகண்டு இவர்கள் வழக்கத்துக்கு நின்றவர்கள், இப்போது அந்த மனிதரை நினைத்து நிற்கிறார்கள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

அறுபதில் திருகைத் திருப்பினார். சத்தம் வரவில்லை.

தேய்ந்த திருகு. மறுபடி திருப்பினார். பெட்டியை மெல்லத் தட்டினார். பின்பக்க வயரை அழுத்தினார். மேடையில் மாவட்டம் ஏதோ சொல்வதும் நிறுத்துவதுமாக இருந்தார். ஒருவரும் உட்காரவில்லை. கடைசியில் ஆம்ப்ளிஃபையருக்குத் தானாக மனம் வந்து, ஒரு கீச்சு கீச்சி, "...மருங்கள்" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. நூற்றிருபது பேரும் ஒரே மூச்சாக உட்கார்ந்தார்கள்.

மாவட்டம் அதற்குப் பிறகு இரண்டு நிமிடம்கூட இல்லை. போகிற போக்கில் வட்டத்தின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கூட்டமும் அவர் பின்னாலேயே கலைந்தது. கடைசி ஆளும் போன பிறகு வட்டம் மைக்காரரிடம் வந்தார். மைக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு வேற செட் பாக்கச் சொல்லிட்டாருண்ணே. இது பழசாயிடுச்சாம்."

"பழசுதானே" என்றார் மைக்காரர்.

"நான் அப்புறமா பேசிப் பாக்கிறேன்."

"வேணாம்பா. எனக்கும் மாடி ஏற முடியல."

உண்மையாகவே அவருக்கு அப்போது வருத்தமோ பயமோ வரவில்லை. உடம்பில் எங்கே தொட்டாலும் அசதிதான் இருந்தது. முப்பத்தோரு வருட அசதியும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கினாற்போல இருந்தது. வயரை வளையமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். மைக்கின் மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிமிர்ந்தபோது அண்ணி நின்றுகொண்டிருந்தார். படத்தைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கியிருந்தார். வாட்ச் கட்டிய கையை மைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எழுபத்தொண்ணு" என்றார்.

மைக்காரர் தேய்ந்த திருகைத் தொட்டுக் காட்டினார். "அறுபதுலயே திருப்பிட்டேன் அண்ணி. திருகு மக்கர் பண்ணிடுச்சு."

"பதினொரு செகண்டு லேட்டு" என்றார் அண்ணி. அவர் குரல் லேசாக உடைந்தது. ஒன்பது நாளில் அதுதான் முதல் தடவை. "அவரு இருந்திருந்தா உங்களைத் திட்டித் தீத்திருப்பாரு."

"திட்டட்டும் அண்ணி" என்றார் மைக்காரர். "போய்ச் சேரும்போது நேர்லயே வாங்கிக்கிறேன்."

அண்ணி தலையாட்டிவிட்டு, படத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். மைக்காரர் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கக் குனிந்தார். அதன் மறுபக்கத்தை ஏற்கனவே வட்டம் பிடித்திருந்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு, முதல் திருப்பத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கினார்கள்.